அமெரிக்காவில் கறுப்பர்–வெள்ளையர் ஏற்றத்தாழ்வு: இனவெறி அமைப்பிலேயே ஊறியிருக்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொத்து, வருமானம், ஆயுள், சிறைவாசம் என்று எதை எடுத்தாலும் அமெரிக்காவில் கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் இடையே இடைவெளி இருக்கிறது. அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஏன் இருக்கிறது என்பதில்தான் சண்டை. இந்தப் பக்கத்தின் அளவுகோல் இது: இடைவெளி இருப்பது மட்டுமே பாகுபாட்டுக்குச் சான்று ஆகிவிடாது, யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை என்பது அதற்கு மறுப்பும் ஆகாது. எந்த விதி, எந்தக் கட்டத்தில், யாரை, எவ்வளவு தள்ளியது என்று காட்ட முடிகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

அமைப்புசார் இனவெறி என்று எதைச் சொல்கிறார்கள்? வெறுப்பவர் யாரும் இல்லாமல் இனவெறி எப்படி இருக்கும்?

1967-இல் கறுப்பின உரிமைப் போராளி ஸ்டோக்லி கார்மைக்கேல், அரசியல் அறிஞர் சார்லஸ் ஹாமில்டன் இருவரும் முன்வைத்த பிறகு பரவலான கருத்து இது. நடைமுறையில் உள்ள ஒரு விதியோ படிவமோ சூத்திரமோ ஓர் இனத்தவரைத் தொடர்ந்து பின்னுக்குத் தள்ளினால், அதை இயக்குபவரின் மனதில் வெறுப்பு இருக்க வேண்டிய தேவையில்லை.

கையில் பிடித்துக் காட்டக்கூடிய உதாரணம் சிறுநீரகச் சோதனை. ரத்தத்தில் உள்ள கிரியாட்டினின் அளவிலிருந்து சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று கணக்கிடுவார்கள். 2009-இல் வந்த சூத்திரத்தில், நோயாளி கறுப்பினத்தவர் என்றால் விடையை 1.159-ஆல் பெருக்க வேண்டும். ஆய்வில் சேர்த்த கறுப்பின நோயாளிகளுக்கு, சிறுநீரகம் அதே அளவு வேலை செய்தாலும், கிரியாட்டினின் சராசரியாகக் கூடுதலாக இருந்தது. தசை அதிகம் என்பதுதான் காரணம் என்று வைத்துக்கொண்டார்கள். மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்புக் காலம் இந்த எண் 20 அல்லது அதற்குக் கீழே வந்தால் ஓடத் தொடங்கும். ஒரே வயது, ஒரே பாலினம், ஒரே கிரியாட்டினின் உள்ள இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். வெள்ளையருக்கு விடை 18, வரிசையில் சேர்ந்துவிடுகிறார். கறுப்பினத்தவருக்கு 18-ஐ 1.159-ஆல் பெருக்கி 20.9, அவர் இன்னும் மோசமாகும்வரை காத்திருக்க வேண்டும். 2021-இல் சூத்திரத்திலிருந்து இனத்தை எடுத்தார்கள். 2023-இல், பாதிக்கப்பட்ட கறுப்பின நோயாளிகளின் காத்திருப்புக் காலத்தைத் திருத்தித் தரும்படி மருத்துவமனைகளுக்கு உத்தரவு போனது. இதில் வில்லன் என்று யாரையும் சுட்ட முடியாது. பாதிப்பு மட்டும் நாட்கணக்கில், மாதக்கணக்கில் எண்ணக்கூடியது.

இடைவெளி எவ்வளவு?

அமெரிக்க மத்திய வங்கி மூன்றாண்டுக்கு ஒருமுறை நடத்தும் குடும்ப நிதிக் கணக்கெடுப்பின்படி, 2022-இல் வெள்ளையர் குடும்பத்தின் இடைநிலைச் சொத்து 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பத்தினுடையது 44,900 டாலர். அதாவது ஆறு மடங்குக்கும் மேல். இடைநிலை என்றால் எல்லாக் குடும்பங்களையும் சொத்து வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்கும் குடும்பத்தைப் பார்ப்பது. சராசரியை எடுத்தால் ஒருசில கோடீஸ்வரர்கள் எண்ணை மேலே இழுத்துவிடுவார்கள். யாராவது எண்ணை வீசினால் முதலில் கேட்க வேண்டியது, இது சராசரியா, இடைநிலையா என்பதுதான்.

வருமானத்தில் இடைவெளி இவ்வளவு இல்லை. கறுப்பினக் குடும்பம் வெள்ளையர் குடும்பத்தின் வருமானத்தில் ஏறத்தாழ 60 சதவீதம் பெறுகிறது. சொத்தில் இடைவெளி ஏன் இத்தனை பெரிது என்பதற்கு வீட்டுக்கடனின் கதைக்குள் போக வேண்டும்.

வீட்டுக்கடனில் அரசு என்ன செய்தது?

1930-களுக்கு முன் அமெரிக்காவில் வீட்டுக்கடன் வாங்க விலையில் பாதியை முன்பணமாகக் கொடுக்க வேண்டும். மீதியை ஐந்தாறு ஆண்டுகளில் அடைக்க வேண்டும். சாமானியருக்கு எட்டாத விஷயம். 1934-இல் கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் உருவானது. அது தானே கடன் கொடுக்கவில்லை. வங்கி கொடுத்த கடன் வராவிட்டால் நஷ்டத்தை ஏற்றுக்கொண்டது. ஆபத்து போனதும் வங்கிகள் முன்பணத்தை 20, 10 சதவீதம் என்று குறைத்தன, தவணையை 20, 25 ஆண்டுகளுக்கு நீட்டின. அமெரிக்க நடுத்தர வர்க்கம் சொந்த வீட்டில் குடியேறியது இந்த வழியில்தான்.

இந்தக் கடன் காப்புறுதி எந்த வீட்டுக்குக் கிடைக்கும் என்பதை முடிவு செய்தது அந்த நிர்வாகத்தின் மதிப்பீட்டுக் கையேடு. வேற்று இனத்தவர் 'ஊடுருவுவது' மனையின் மதிப்பைக் குறைக்கும் என்று அதில் எழுதியே இருந்தது. கறுப்பினத்தவருக்கு விற்கக் கூடாது என்று கிரயப் பத்திரத்தில் நிபந்தனை போடுவதை அது பரிந்துரைத்தது. நெடுஞ்சாலை, குன்று போன்ற தடுப்புகள் இருந்தால் நல்ல மதிப்பெண்.

இது வெறும் காகிதத்தில் நிற்கவில்லை. 1941-இல் டெட்ராய்ட்டில், கறுப்பினத்தவர் குடியிருந்த பகுதியை ஒட்டி ஒரு மனைவணிகர் வெள்ளையருக்கு வீடு கட்டப் பார்த்தார். இடம் கறுப்பினக் குடியிருப்புக்கு மிக அருகில் இருப்பதால் காப்புறுதி கிடைக்கவில்லை. அவர் நடுவில் ஒரு கான்கிரீட் சுவர் எழுப்பினார்: ஆறடி உயரம், ஓரடி கனம், அரை மைல் நீளம். காப்புறுதி கிடைத்தது. எட்டு மைல் சாலையை ஒட்டி அந்தச் சுவர் இன்றும் நிற்கிறது, பிற்காலத்தில் தீட்டிய ஓவியங்களோடு. ஏறிக் குதித்துவிடக்கூடிய சுவர்தான். அது எழுப்பப்பட்டது ஆளைத் தடுக்க அல்ல, படிவத்தில் ஒரு பதிலை மாற்ற.

வங்கிக்கடன் கிடைக்காதவர்கள் என்ன செய்தார்கள்? சிகாகோவில் பலர் தவணை ஒப்பந்தத்தில் வீடு வாங்கினார்கள். தரகர் வெள்ளையரிடம் குறைந்த விலைக்கு வாங்கி, கறுப்பினத்தவருக்குப் பல மடங்கு ஏற்றி விற்பார். கடைசித் தவணை கட்டும்வரை பத்திரம் தரகர் பெயரிலேயே இருக்கும். ஒரு தவணை தவறினால் வீடும் போச்சு, கட்டிய பணமும் போச்சு. அதே வீட்டை அவர் அடுத்தவருக்கு விற்பார். 1968-இல் லான்டேல் பகுதியில் இப்படி வாங்கியவர்கள் சங்கமாகத் திரண்டு தவணை கட்ட மறுத்துப் போராடினார்கள்.

போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கான 1944-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இனம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனால் கடனைத் தருவது உள்ளூர் வங்கி. 1947-இல் மிசிசிப்பியின் 13 நகரங்களில் எடுத்த கணக்கில், அரசு உத்தரவாதத்தோடு வழங்கிய 3,229 கடன்களில் கறுப்பின வீரர்களுக்குப் போனவை இரண்டு.

சிவப்பு மை வரைபடங்கள்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்கிறார்களே?

அது மிகைப்படுத்தல். வீட்டுக்கடனாளர் கழகம் என்ற இன்னொரு அமைப்பு 1935 முதல் 1940 வரை 200-க்கும் மேற்பட்ட நகரங்களைப் பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என்று தரம் பிரித்து வரைந்தவை அவை. கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகள் கிட்டத்தட்ட எல்லாமே சிவப்பில் விழுந்தன. ஆனால் சிவப்புப் பகுதிகளில் வசித்தவர்களில் பெரும்பான்மையினர் வெள்ளையர்கள். ஏழைகள், புதிதாகக் குடியேறியவர்கள். அந்தக் கழகமே கறுப்பினத்தவர் பலருக்கும் கடன் கொடுத்திருக்கிறது. வரைபடத்தை எத்தனை வங்கிகள் பார்த்தன என்பதிலும் பொருளாதார வரலாற்றாளர்கள் ஒத்துப்போவதில்லை. சிகாகோ மத்திய வங்கிக் கிளையின் ஆய்வாளர்கள் எல்லைக்கோட்டின் இரு பக்கத் தெருக்களை ஒப்பிட்டு, வரைபடத்துக்கு நீண்டகால விளைவு இருந்தது என்கிறார்கள். பிரைஸ் ஃபிஷ்பேக் குழு, பெரிய குற்றவாளி வரைபடமல்ல, மேலே சொன்ன காப்புறுதி நிர்வாகம்தான் என்கிறது. பின்னதற்கு எழுத்துச் சான்று வலுவாக இருக்கிறது. இணையத்தில் வரைபடத்தைப் பகிர்வது சுலபம் என்பதால் அதுவே அடையாளமாகிவிட்டது.

அதெல்லாம் 1968-லேயே முடிந்த கதை. இன்றைக்கு என்ன சம்பந்தம்?

1968 ஏப்ரலில், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், நியாய வீட்டுவசதிச் சட்டம் கையெழுத்தானது. பாகுபாடு சட்டவிரோதமானது. ஆனால் புகார் வந்தால் அரசுத் துறை சமரசம்தான் பேச முடியும். அமலாக்கத்துக்குப் பல் முளைத்தது 1988 திருத்தத்தில்.

அதைவிடப் பெரிய விஷயம், சொத்து பெருகும் விதம். 1949-இல் 8,000 டாலருக்கு வாங்கிய வீடு ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறியதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், 75 ஆண்டில் அது சுமார் 3,10,000 டாலர். நடுவில் அந்த வீட்டின் மேல் கடன் வாங்கிப் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பலாம், அடுத்த வீட்டுக்கு முன்பணம் தரலாம். அன்று வாங்க விடாதவருடைய பேரனுக்கு இன்று யாரும் கதவைச் சாத்தவில்லை. ஆனால் முன்பணம் இல்லை.

தலைக்கு இத்தனை சொத்து என்று கணக்குப் போட்டால் 1860-இல் வெள்ளையர்–கறுப்பர் விகிதம் 60-க்கு 1; 1920-இல் 10-க்கு 1; இன்று 6-க்கு 1 என்கிறது எல்லோரா டெரனன்கோர்ட் குழுவின் ஆய்வு. தொடங்கிய இடம் அவ்வளவு பள்ளம் என்றால், இருவருக்கும் சமமான வாய்ப்பு கொடுத்தாலும் மேடேறத் தலைமுறைகள் ஆகும். 1980-களுக்குப் பிறகு இடைவெளி சுருங்குவதும் நின்றுவிட்டது. வெள்ளையர் சொத்தில் பங்குச்சந்தை முதலீடு அதிகம், கறுப்பினத்தவர் சொத்தில் வீடு அதிகம். பங்குகளின் விலை வீட்டைவிட வேகமாக ஏறியது. இந்தக் கடைசிப் பகுதியைப் பாகுபாடு என்று சொல்வதா, பழைய பாகுபாட்டின் வட்டி என்று சொல்வதா, வெறும் முதலீட்டு வித்தியாசம் என்று சொல்வதா என்பது நியாயமான விவாதம்.

இப்போதும் பாகுபாடு நடக்கிறது என்று எப்படி அளக்கிறார்கள்?

போலி விண்ணப்பம் அனுப்பித்தான். தகுதி ஒன்றாகவே இருக்கும், பெயர் மட்டும் மாறும். 2004-இல் வெளியான ஆய்வில் மரியான் பெர்ட்ரண்ட், செந்தில் முல்லைநாதன் இருவரும் (முல்லைநாதன் தமிழ்நாட்டு வேர் உள்ளவர்) பாஸ்டன், சிகாகோ நகரங்களில் சுமார் 5,000 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். எமிலி, கிரெக் போன்ற பெயர்களுக்கு, லகீஷா, ஜமால் போன்ற பெயர்களைவிட 50 சதவீதம் அதிகமாக அழைப்பு வந்தது.

நேரில் ஆளை அனுப்புவதும் உண்டு. டேவா பேஜர் மில்வாக்கியில் செய்த 2003 ஆய்வில், குற்றப் பதிவே இல்லாத கறுப்பின இளைஞருக்கு 14 சதவீத இடங்களில் மறு அழைப்பு. சிறை சென்று வந்ததாகச் சொன்ன வெள்ளை இளைஞருக்கு 17 சதவீதம்.

குறையும் சொல்லியாக வேண்டும். லகீஷா என்ற பெயர் இனத்தை மட்டுமல்ல, ஏழைக் குடும்பம் என்பதையும் காட்டுகிறது. முதலாளி எதைப் பார்த்து ஒதுக்கினார் என்று பிரிப்பது கடினம். அழைப்பு வேலையும் அல்ல, சம்பளமும் அல்ல. 2022-இல் வெளியான பெரிய ஆய்வில் 108 பெரு நிறுவனங்களுக்கு 83,000 விண்ணப்பங்கள் போயின. வித்தியாசம் 2.1 சதவீதப் புள்ளிதான். அதிலும் ஏறத்தாழ பாதி, ஐந்தில் ஒரு பங்கு நிறுவனங்களில் குவிந்திருந்தது. 'எல்லாரும் செய்கிறார்கள்' என்பதும் தவறு, 'யாரும் செய்வதில்லை' என்பதும் தவறு. ஆளெடுக்கும் முறையை மையப்படுத்திய நிறுவனங்களில் பாகுபாடு குறைவாக இருந்தது என்பது நடைமுறைக்கு உதவும் தகவல்.

கல்வி, வருமானம் எல்லாவற்றையும் சமன்செய்து பார்த்தால் இடைவெளி மறைந்துவிடுகிறதாமே?

இந்த விவாதத்தில் இரு தரப்பும் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. 1996-இல் டெரெக் நீல், வில்லியம் ஜான்சன் ஆகியோர், பதின்வயதில் எழுதிய திறன் தேர்வின் மதிப்பெண்ணைச் சேர்த்துக் கணக்கிட்டால் சம்பள இடைவெளியின் பெரும்பகுதி விளங்கிவிடுகிறது என்று காட்டினார்கள். அப்படியானால் முதலாளியின் பாகுபாடு நினைத்ததைவிடச் சிறியது. சரி. ஆனால் மதிப்பெண் ஏன் குறைந்தது? பள்ளிக்கு வரும் பணத்தில் ஒரு பகுதி உள்ளூர் சொத்து வரி. சொத்து வரி வீட்டு மதிப்பைப் பொறுத்தது. வீட்டு மதிப்பு முந்தைய கேள்விகளில் பார்த்த கதை. காரணச் சங்கிலியின் நடுக்கண்ணியைச் சமன்செய்துவிட்டு 'முதல் கண்ணிக்குப் பங்கில்லை' என்று சொல்ல முடியாது. எதையுமே சமன்செய்யாமல் மொத்த இடைவெளியையும் முதலாளி தலையில் கட்டுவதும் அதே அளவு தவறு.

பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியின் குழு 2018-இல் இரண்டு கோடிப் பேரின் வரிக் கணக்கை வைத்துச் செய்த ஆய்வு இரு தரப்பையும் சங்கடப்படுத்தும். ஒரே வருமானமுள்ள பெற்றோருக்குப் பிறந்து, ஒரே பகுதியில் வளர்ந்தாலும், 99 சதவீதப் பகுதிகளில் கறுப்பினப் பையன்கள் வளர்ந்தபின் வெள்ளைப் பையன்களைவிடக் குறைவாகச் சம்பாதிக்கிறார்கள். 'எல்லாம் வர்க்கம்தான்' என்ற வாதம் அங்கே நின்றுபோகிறது. ஆனால் பெண்களிடம் தனிநபர் வருமானத்தில் அந்த வித்தியாசம் ஏறத்தாழ இல்லை. கறுப்பினத்தவர் எல்லாரையும் ஒரே மாதிரி அழுத்தும் அமைப்பு என்று சொல்பவர்கள் இதற்கு விளக்கம் தர வேண்டும். இடைவெளி குறைவாக இருந்த சில இடங்களில் மூன்று விஷயங்கள் சேர்ந்திருந்தன: வறுமை குறைவு, வெள்ளையரிடம் இன வெறுப்பு குறைவு, அந்தப் பகுதியின் கறுப்பினக் குடும்பங்களில் தந்தை உடன் வாழ்வது அதிகம்.

குடும்பம் சிதைந்ததுதான் உண்மையான காரணம் என்கிறார்களே?

1965-இல் தொழிலாளர் துறையின் டேனியல் பாட்ரிக் மொய்னிஹன் இதை எழுப்பியபோது கறுப்பினக் குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்று திருமணத்துக்கு வெளியே பிறந்தது. இன்று சுமார் 70 சதவீதம். பொருளாதார அறிஞர் தாமஸ் சோவெல் போன்றவர்கள் கேட்பது: அடிமைமுறையும் பழைய பிரிவினைச் சட்டங்களும் காரணம் என்றால், அவற்றுக்குப் பக்கத்தில் வாழ்ந்த தலைமுறையில் குடும்பம் ஏன் இதைவிட உறுதியாக இருந்தது? கனமான கேள்வி. சமூகவியலாளர் வில்லியம் ஜூலியஸ் வில்சன் தரும் பதில், வடக்கு நகரங்களில் ஆலைகள் மூடியதும் நிலையான சம்பளமுள்ள ஆண்கள் குறைந்தார்கள், திருமணமும் குறைந்தது என்பது. ஆலையை மூடியது இனவெறி அல்ல; ஆனால் மூடும்போது யார் அந்தப் பகுதியில் அடைபட்டிருந்தார்கள் என்பதைத் தீர்மானித்தது வீட்டுக்கொள்கை. வெள்ளையரிடமும் இந்த விகிதம் இன்று, 1965-இல் மொய்னிஹன் பார்த்துப் பதறிய அளவைத் தாண்டிவிட்டது.

இந்தியர்களும் நிறத்தவர்தானே? அவர்கள் மட்டும் எப்படி முன்னேறினார்கள்?

நம்மவர் கூட்டங்களில் தவறாமல் வரும் கேள்வி. 1965 குடியேற்றச் சட்டத்துக்கு முன் இந்தியர்களுக்கும் கதவு ஏறத்தாழ மூடித்தான் இருந்தது. 1923-இல் பகத் சிங் திந்த் வழக்கில், இந்தியர் 'வெள்ளையர்' அல்லர், ஆகவே குடியுரிமை கிடையாது என்றது உச்ச நீதிமன்றம். 1965-க்குப் பின் வந்தவர்களில் பெரும்பாலோர் மருத்துவர், பொறியாளர், மேற்படிப்பு மாணவர். அமெரிக்காவில் 25 வயதைக் கடந்த இந்தியர்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் பட்டதாரிகள். இந்தியாவிலேயே இந்த விகிதத்துக்குப் பக்கத்தில்கூட எதுவும் இல்லை. விசா அலுவலகம் சலித்து எடுத்த கூட்டத்தை, சலிக்கப்படாத ஒரு மக்கள்தொகையோடு ஒப்பிட முடியாது. நைஜீரியாவிலிருந்து வரும் கறுப்பினத்தவரும் நன்றாகவே படித்திருக்கிறார்கள். அது 'நிறம் மட்டுமே தலையெழுத்து' என்ற வாதத்தைத் தளர்த்துகிறது. சலிப்பு விளைவை உறுதிப்படுத்துகிறது.

காவல்துறை பற்றிய புள்ளிவிவரங்கள் ஏன் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன?

வகுக்கும் எண் மாறுவதால். மக்கள்தொகையால் வகுத்தால் ஒரு விடை, கைதானவர்களால் வகுத்தால் வேறு விடை. பொருளாதார அறிஞர் ரோலண்ட் ஃப்ரையர் 2016-இல், ஹூஸ்டன் தரவில் துப்பாக்கிச்சூட்டில் இன வித்தியாசம் தெரியவில்லை என்றார். அதே ஆய்வில், நியூயார்க் தரவில் தள்ளுவது, விலங்கிடுவது போன்ற சிறிய பலப்பிரயோகம் கறுப்பினத்தவர் மேல் 50 சதவீதத்துக்கும் மேல் அதிகம், சூழ்நிலையைச் சமன்செய்தாலும் மறையவில்லை. முதல் பாதியை ஒரு தரப்பும் இரண்டாம் பாதியை இன்னொரு தரப்பும் மேற்கோள் காட்டுகின்றன. எதிர்வாதம், அந்தத் தரவில் இருப்பவர்கள் ஏற்கெனவே போலீஸ் நிறுத்தியவர்கள். காரணமில்லாமல் நிறுத்துவது கறுப்பினத்தவரிடம் அதிகம் என்றால் பாகுபாடு கணக்கில் குறைவாகவே தெரியும் என்பது.

இதைச் சுற்றிக்கொண்டு போக ஓர் அழகான சோதனை உண்டு. இருட்டிவிட்டால் ஓட்டுநரின் நிறம் தெரியாது. ஆகவே ஒரே மணி நேரத்தை, வெளிச்சமுள்ள கோடை மாதத்திலும் இருட்டிவிடும் குளிர்காலத்திலும் ஒப்பிடுவார்கள். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் சுமார் பத்துக் கோடி வாகன நிறுத்தங்களைத் திரட்டிச் செய்த ஆய்வில், இருட்டியதும் நிறுத்தப்படுவோரில் கறுப்பினத்தவரின் பங்கு குறைந்தது.

சட்டத்திலேயே இருந்த வித்தியாசத்துக்கு 1986 போதைப்பொருள் சட்டம் உதாரணம். கிராக் கோக்கைன் (கட்டியாக்கிப் புகைக்கும் வடிவம்) 5 கிராம் என்றால் குறைந்தது ஐந்தாண்டுச் சிறை. அதே தண்டனைக்குத் தூள் கோக்கைன் 500 கிராம் வேண்டும். கிராக் வழக்கில் மாட்டியவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். அன்று கறுப்பின எம்.பி.க்கள் சிலரும் அதற்கு ஆதரவாக வாக்களித்தார்கள், தங்கள் தொகுதிகள் அழிவதைப் பார்த்து. 2010-இல் 5 கிராமை 28 ஆக்கினார்கள். வித்தியாசம் 100 மடங்கிலிருந்து 18 மடங்காகியது, போகவில்லை.

நீதிமன்றங்கள் எதைப் பாகுபாடாக ஏற்கின்றன?

இரண்டு அளவுகோல். 1971 கிரிக்ஸ் வழக்கில், வேலைக்குத் தொடர்பில்லாத தேர்வு கறுப்பினத்தவரை வடிகட்டினால், நோக்கம் இல்லாவிட்டாலும் வேலைவாய்ப்புச் சட்டப்படி தவறு என்றது உச்ச நீதிமன்றம். அரசியல் சாசனத்தின் கீழ் வழக்குப் போட்டால் நோக்கத்தை நிரூபிக்க வேண்டும் என்றது 1976-இல். 1987-இல் மெக்ளெஸ்கி என்ற மரண தண்டனைக் கைதியின் வழக்கில், வெள்ளையரைக் கொன்றவருக்கு, கறுப்பினத்தவரைக் கொன்றவரோடு ஒப்பிட்டால், ஜார்ஜியாவில் மரண தண்டனை விழும் வாய்ப்பு 4.3 மடங்கு என்ற ஆய்வு முன்வைக்கப்பட்டது. ஆய்வு செல்லும் என்றே வைத்துக்கொண்டாலும், இந்தக் கைதிக்கு எதிராக யார் பாகுபாடு காட்டினார் என்று காட்டவில்லை என்று 5-க்கு 4 என்ற கணக்கில் மனு தள்ளுபடியானது. அமைப்பைப் பற்றிய சான்றை, தனிமனித நோக்கம் கேட்கும் அளவுகோலில் எடைபோட்ட தீர்ப்பு. 2025 ஏப்ரலில் வந்த அதிபர் ஆணை, விளைவை மட்டும் வைத்து நடவடிக்கை எடுப்பதைக் கூட்டாட்சித் துறைகள் கூடியவரை நிறுத்தச் சொல்கிறது.

காரணம் அமைப்புதான் என்று ஒப்புக்கொண்டால், இன அடிப்படையில் இழப்பீடு தர வேண்டுமா?

அப்படிக் கட்டாயம் இல்லை. நோயறிதல் வேறு, மருந்து வேறு. இலினாயின் எவான்ஸ்டன் நகரம் 2021-இல் இனத்தை நேரடியாக எடுத்துக்கொண்டது: 1919 முதல் 1969 வரை அங்கே வாழ்ந்த கறுப்பினத்தவருக்கும் அவர்களின் வழிவந்தவருக்கும் வீட்டுக்காக 25,000 டாலர், கஞ்சா விற்பனை வரியிலிருந்து. இனத்தைத் தகுதியாக்குவது சாசனத்துக்கு எதிரானது என்று 2024-இல் வழக்கு வந்தது. கனெக்டிகட் மாநிலம் இனத்தையே தொடவில்லை. 2023 ஜூலை 1 முதல், ஏழைகளுக்கான அரசு மருத்துவத் திட்டத்தில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையின் பெயரிலும் 3,200 டாலர் முதலீடு செய்கிறது. 18 முதல் 30 வயதுக்குள் அந்தப் பணத்தை வீடு, படிப்பு, தொழில், ஓய்வூதியச் சேமிப்பு ஆகியவற்றுக்கு எடுக்கலாம். முதல் குழந்தைகளுக்கு 18 வயது ஆவது 2041-இல்.